தீவுக்கும் தீவுக்கும் நடுவே பாய்மரப் படகு மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சிறு பாய்மரப் படகில் எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் கெடுவது அபூர்வம். சத்தம், வாடை, சூடு, ஒரு துளி தண்ணீர் என்று முன்னாலேயே ஏதோ ஒரு சைகை காட்டிவிடும். வெப்பமண்டலக் கடலில் வெயிலும் உப்பும் உராய்வும் ராப்பகலாக வேலை செய்வதால் இந்தச் சைகைகள் அடிக்கடி வரும். அடுத்த தீவில் மெக்கானிக் இருப்பார் என்று நம்பிப் போக முடியாது. அதனால் நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

நான் ஓட்டுவது பத்து மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாய்மரப் படகு. உள்ளே ஒரு சிறிய டீசல் இன்ஜின். பல வருடமாகப் பழுது பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட வழி ஒன்றுதான். என்ன கெட்டது என்று கேட்பதற்கு முன் எப்போது கெடுகிறது என்று கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டுமா, படகு ஒரு பக்கம் சாயும்போது மட்டுமா, கடல் கொந்தளித்த பிறகா, விடிகாலையிலா? பாதிப் பழுதுகள் இந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஸ்பானரை எடுக்கும் முன்

முதலில் படகு, அப்புறம்தான் பழுது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பவளப்பாறை ஒரு கடல்மைல் தள்ளி இருக்கிறது, படகு இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல்மைல்) வேகத்தில் அதை நோக்கி நகர்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது அரை மணி நேரம். அரை மணியில் டீசல் பில்டரை மாற்றிக் காற்றும் வெளியேற்றுவது கைப்பழக்கம் உள்ளவருக்கே இழுபறி. எனவே பாயை ஏற்றிக் கடல் பக்கம் திரும்புங்கள். காற்றே இல்லை, ஆழம் குறைவு என்றால் நங்கூரத்தை இறக்கிவிடுங்கள். படகு பத்திரமாக இருக்கும்போதுதான் மூளை வேலை செய்யும்.

இதே காரணத்துக்காக, தீவை நெருங்கும்போது இன்ஜின் நன்றாக ஓடினாலும் பெரிய பாயை உடனே கட்டி உறையில் போட்டுவிடாதீர்கள். ஒரே இழுப்பில் ஏறும்படி வைத்திருங்கள்.

எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் துப்பவில்லை, வெப்பமானி ஏறுகிறது

இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பார்ப்பதை அனிச்சைச் செயலாகவே பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப வேண்டும். துப்பவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கலாமே என்று விட்டால், கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) வறண்டு ஓடிக் கருகிவிடும்.

எப்போது சூடு ஏறுகிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஏறுகிறது, தண்ணீரும் வரவில்லை என்றால் கடல்நீர் உள்ளே வரும் பாதை மூடியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது அடி வால்வு, அதாவது படகின் அடியில் கடல்நீரை உள்ளே விடும் வால்வு. நேற்று மூடியதைத் திறக்க மறந்திருப்போம். வெட்கப்பட வேண்டியதில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். அடுத்தது வடிகட்டிக் கிண்ணம்: கடற்பாசி, ஜெல்லி மீன், சின்ன இறால் குஞ்சு எல்லாம் அங்கே சிக்கும். கிண்ணம் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? வால்வை மூடிக் கிண்ணத்துக்கு வரும் ஹோஸைக் கழற்றி, கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து வால்வைத் திறந்து பாருங்கள். பீறிட்டு வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் படகின் அடியில் நுழைவாயை ஏதோ அடைத்திருக்கிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் பை. சில சமயம் பை தானாகவே உதிர்ந்து போய், பழுது மாயமாக மறைந்த மாதிரி இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் இம்பெல்லரைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள்.

பம்பின் முகப்பு மூடியைக் கழற்றினால் இம்பெல்லர் பூப்போல இதழ் விரித்துத் தெரியும். இதழின் அடியை விரலால் வளைத்துப் பாருங்கள். வேரில் மயிரிழை விரிசல் இருந்தால் அது அடுத்த பயணம் தாங்காது. இதழ் உடைந்து போயிருந்தால், புதியதைப் போட்டு மூடியதோடு வேலை முடிந்ததாக நினைக்கவே கூடாது. உடைந்த துண்டுகளை எண்ணிச் சேர்க்க வேண்டும். ஒருமுறை என் பம்பில் மூன்று இதழ் குறைந்திருந்தது. இரண்டு துண்டு ஹோஸிலேயே கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை, சரி போகட்டும் என்று கிளம்பிவிட்டேன். அடுத்த தீவின் வாயில் சூடு திரும்ப ஏறியது. கடல்நீரைக் கொண்டு இன்ஜினின் நன்னீரைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியின் மூடியைத் திறந்தால் விரல்நகம் அளவு கறுப்பு ரப்பர் நான்கைந்து குழாய்களின் வாயை ஒட்டிப் படுத்திருந்தது. அன்றிலிருந்து துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் பழைய இம்பெல்லரோடு சேர்த்து வைத்துப் பொருத்திப் பார்க்காமல் மூடியை இறுக்குவதில்லை.

புதியதைப் போடும்போது கிளிசரினோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிவிடும். எல்லா இதழும் சுழலும் திசைக்குப் பின்னால் மடங்கியிருக்க வேண்டும்.

மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டினால் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் பாதை முழுதாக மூடவில்லை, குறுகியிருக்கிறது. எக்ஸாஸ்ட் வளைவுக் குழாயில் கரியும் உப்பும் படிந்து துவாரம் சுண்டு விரல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். கூடவே கறுப்புப் புகை வந்தால் அநேகமாக அதுதான். வெப்பமாற்றிக்குள், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் துத்தநாகக் குச்சி உதிர்ந்து குழாய்களை அடைப்பதும் உண்டு.

தண்ணீர் தாராளமாக வருகிறது, ஆனாலும் சூடு ஏறுகிறதா? அப்படியானால் கோளாறு நன்னீர்ச் சுற்றில். பெல்ட்டைப் பாருங்கள். அது அறுந்திருந்தால் சார்ஜ் விளக்கும் கூடவே எரியும். பிறகு குளிர்விப்பு நீரின் அளவு, தெர்மோஸ்டாட். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடித்தால், ஆஸ்பத்திரி இரண்டு நாள் தூரத்தில் இருக்கும்.

இன்ஜின் ஏறி இறங்கி முனகிவிட்டு நின்றுபோகிறது

இதன் நேரத்தைக் கவனியுங்கள். அமைதியான கடலில் வாரக்கணக்கில் ஓடிய இன்ஜின், அலை அதிகமான ஒரு நாளில், பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் நுழையும்போது நின்றுவிடும். கெட்ட நேரம் என்று சொல்வார்கள். காரணம் டேங்கின் அடியில் இருக்கிறது. சூடான, ஈரமான காற்றில் டேங்குக்குள் நீர் வியர்த்துச் சேரும். டீசலும் தண்ணீரும் தொடும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புக் கசடாகும். அலை அதைக் கலக்கிவிடும், பில்டர் அடைத்துக்கொள்ளும்.

முதல் பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தெளிவாக நிற்பது தண்ணீர், கஞ்சிபோலத் தொங்குவது கசடு. அடித் திருகைத் திறந்து வடித்துவிட்டு, பில்டரை மாற்றி, சுத்தமான டீசலால் நிரப்பி மூடுங்கள். அப்புறம் காற்றை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் பில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். கைப்பம்பு நெம்புகோலில் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டதாகப் பயப்படாதீர்கள். உள்ளே பம்பைத் தள்ளும் கேம் என்ற புடைப்பு மேலே நிற்கிறது. இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பினால் பிடிப்பு வந்துவிடும்.

ஒரு மணி நேரம் ஓடி நிற்கிறது, ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது, பில்டரோ சுத்தம் என்றால் டேங்கின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். பூச்சி கூடு கட்டியிருக்கும், அல்லது உப்பு உறைந்திருக்கும். நின்ற உடனே டீசல் ஊற்றும் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஒற்றைச் சத்தம்

பாட்டரியைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் இருக்கும் ஈய அமில பாட்டரியில் 12.7 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு பாட்டரி முனையில் அளந்து பாருங்கள். 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பாட்டரி சோர்ந்துவிட்டது. 12க்கு மேலேயே நிற்கிறது, ஆனால் இன்ஜின் சுற்றவில்லை என்றால் மின்சாரம் வழியில் எங்கோ தொலைகிறது. பாட்டரியின் மைனஸ் முனையில் ஒரு ஊசி, இன்ஜின் உடலில் ஒரு ஊசி வைத்து மறுபடி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தரை இணைப்புக் கம்பியில் பச்சைப்பாசி மாதிரி செம்பு அரித்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு தவறு இன்ஜினையே காவு வாங்கிவிடும். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது பம்பு கடல்நீரை இழுத்து சைலன்சரில் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை கிடையாது. சைலன்சர் நிரம்பினால் தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் போய்விடும். இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் போனால் அடி வால்வை மூடிவிடுங்கள். ஸ்டார்ட் ஆன அதே நொடியில் திறக்க ஓர் ஆளை வால்வு பக்கத்திலேயே உட்கார வையுங்கள். தனியாக இருந்தால் வால்வின் கைப்பிடியைச் சாவியோடு கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

தரைப்பலகைக்கு மேலே தண்ணீர்

நள்ளிரவில் படுக்கையிலிருந்து இறங்கினால் கால் நனைகிறது. பம்பைப் போட்டுவிட்டு முதலில் செய்ய வேண்டியது, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பது. நன்னீர் என்றால் டேங்கோ குழாயோ கசிகிறது, அல்லது மழைநீர் பாய்மரத்தின் உட்புறமாக இறங்குகிறது. படகு மூழ்காது, நிதானமாகத் தேடலாம். உப்பு என்றால் எல்லா வேலையையும் விட்டுவிடுங்கள்.

மறுபடியும் அதே கேள்விதான், எப்போது? இன்ஜின் ஓடும்போது மட்டும் சேர்ந்தால் புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் நீரைத் தடுக்கும் அடைப்பு, கடல்நீர் பம்பின் சீல், எக்ஸாஸ்ட் ஹோஸ் இவற்றில் ஒன்று. கயிறு திணித்த பழைய வகை அடைப்பு, தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில துளி சொட்டத்தான் வேண்டும். சொட்டே இல்லாமல் இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு கூடாது.

படகு ஒரு பக்கம் சாய்ந்து பாயில் ஓடும்போது மட்டும் வந்தால், நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஏதோ ஒரு துவாரம் சாய்வில் உள்ளே போகிறது. பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய், நங்கூரச் சங்கிலி அறையின் மூடி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்கள் தளத்தில் இறங்கும் இடம் என்று அந்தப் பக்கத்தை வரிசையாகப் பாருங்கள். படகை மறுபக்கம் சாய்த்தால் கசிவு நின்றுவிடும், அந்த அவகாசத்தில் தேடலாம்.

அமைதியாக நங்கூரத்தில் நிற்கும்போதே உப்புத்தண்ணீர் ஏறினால் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஹோஸோ வால்வோ விட்டுவிட்டது. அல்லது கழிப்பறை. இது பலருக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும். கழிப்பறைக் குழாய் உயரமாக வளைந்து போகும் இடத்தில் ஒரு சிறிய காற்று வால்வு இருக்கும். அதில் உப்பு உறைந்து அடைத்தால், கடல் தானாகவே உறிஞ்சப்பட்டுக் கோப்பையில் நிரம்பி வழியும். ஆள் இல்லாத படகு மூழ்க இது போதும். உபயோகிக்காத நேரத்தில் கழிப்பறையின் இரண்டு வால்வுகளையும் மூடுங்கள், அந்தச் சிறு வால்வை மாதம் ஒருமுறை நன்னீரில் கழுவுங்கள்.

வேகமாக ஏறினால் பம்பை நம்பி உட்காராதீர்கள். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் துவாரம் ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். எந்தக் கைப்பம்பும் அதோடு ரொம்ப நேரம் போட்டி போட முடியாது. எல்லா வால்வையும் வரிசையாக மூடிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துவாரத்துக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மென்மரக் கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். பெட்டியில் போட்டு வைத்தால், தேவைப்படும்போது பெட்டி மிதந்துகொண்டிருக்கும். கட்டுக்குள் வராது என்று தோன்றினால் தயங்காமல் விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் அழையுங்கள். தண்ணீர் பாட்டரியைத் தொட்டுவிட்டால் அந்த ரேடியோவும் போய்விடும்.

நங்கூரம் இழுபடுகிறது

எப்படித் தெரியும்? காற்றை நேருக்கு நேர் பார்த்து நின்ற படகு பக்கவாட்டாகத் திரும்பி நிற்கும். கரையில் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் தெரிந்த மரமும் பாறையும் விலகிப்போகும். அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் போய்ச் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பிடித்திருக்கும் நங்கூரத்தின் சங்கிலி விறைத்துத் தளர்ந்து மூச்சு விடும். இழுபடும் நங்கூரத்தின் சங்கிலி விட்டு விட்டு அதிரும், கல்லில் கம்பியைத் தட்டி இழுத்துப் போகிற மாதிரி. வெறுங்காலால் தளத்தில் நின்றாலே அது ஏறிவரும். ஒருமுறை உணர்ந்துவிட்டால் தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும்.

போட்ட உடனே இழுபட்டால் காரணம் தரை. பவளத் தீவுகளில் மேலே வெள்ளை மணலாகத் தெரியும், ஒரு சாண் கீழே தட்டையான செத்த பவளப் பலகை இருக்கும். நங்கூரம் புதையவே புதையாது. தண்ணீர் தெளிவாக இருப்பதுதான் நமக்குக் கிடைத்த வரம். முகக்கண்ணாடியை மாட்டி நீந்திப் போய்ப் பாருங்கள். நங்கூரத்தின் தலை மணலுக்குள் மறைந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்திருந்தால் மாற்றிப் போடுங்கள். உயிருள்ள பவளத்தின் மேல் போட்டுவிட்டுப் பிடித்துவிட்டது என்று திருப்திப்படாதீர்கள். சங்கிலி ஓர் இரவில் உடைத்துப் போடுவது பல பத்தாண்டு வளர்ச்சி.

நாள் முழுக்கப் பிடித்திருந்து ராத்திரி இழுபட்டால் காரணம் பெரும்பாலும் சங்கிலியின் நீளம், அல்லது காற்று திரும்பியது. நீளக் கணக்கில் பலர் ஆழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆழம் 6 மீட்டர், ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஏறினால் இன்னும் ஒரு மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் ஒரு மீட்டர், ஆக 8. முழுச் சங்கிலிக்கு ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர். பாதி கயிறு என்றால் ஏழு மடங்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். மாலையில் 15 நாட் காற்றில் சுகமாக நின்ற படகு, மழைமேகம் கொண்டுவரும் 30 நாட் வீச்சில் வேறு படகு.

இருட்டில் இழுபட்டால் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், கியர் போட வேண்டாம். பின்னால் இடம் இருந்தால் சங்கிலியை இன்னும் விடுங்கள், பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். இடம் இல்லை என்றால் மெதுவாக முன்னே ஓட்டிக்கொண்டே தூக்கி, வேறு இடத்தில் போடுங்கள். ஜிபிஎஸ் அலாரத்தை நங்கூரம் தரையைத் தொட்ட கணத்தில் வையுங்கள். படகு பின்வாங்கி நின்றபின் வைத்தால் வட்டத்தின் நடுப்புள்ளியே தவறாகிவிடும்.

இழுபடவில்லை, ஆனால் கீழே உறுமல் கேட்கிறது, அலை வரும்போது அணியம் வெடுக்கென்று தலையைக் குனிகிறது என்றால் சங்கிலி பவளக் குன்றைச் சுற்றிக்கொண்டுவிட்டது. 40 மீட்டர் விட்டிருந்தாலும் இப்போது உங்களிடம் இருப்பது பத்தோ பன்னிரண்டோதான். இன்ஜினால் முறுக்கி இழுக்காதீர்கள், அணியத்து உருளை வளைந்துவிடும். வெளிச்சம் வரட்டும். ஒருவர் நீரில் மிதந்து மேலிருந்து பார்த்துக் கை காட்ட, படகு எந்த வழியில் சுற்றியதோ அதற்கு எதிர்த்திசையில் மெல்ல நகர்த்தி அவிழ்க்க வேண்டும். அடுத்த முறை சங்கிலியில் ஆங்காங்கே சிறு மிதவைகளைக் கட்டிவிட்டால் அது பவளத்துக்கு மேலே தொங்கி நிற்கும். பவளமும் பிழைக்கும், சங்கிலியும் பிழைக்கும்.

திரையில் படகு நிலத்தின் மேல் ஓடுகிறது

ஜிபிஎஸ் கெடவில்லை. பல தீவுக் கூட்டங்களின் வரைபடங்கள் செயற்கைக்கோளுக்கு வெகுகாலம் முன்பு, செக்ஸ்டன்ட் என்ற கோணமானியும் ஆழக்கயிறும் வைத்து அளந்தவை. தீவு, பாறை எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும், மொத்தமாகச் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும். உங்கள் இடம் சரி, வரைபடம்தான் நகர்ந்திருக்கிறது. எனவே பாறைகளுக்கு நடுவே திரையைப் பார்த்துத் திருப்புவதை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள்.

கண் வேலை செய்யச் சூரியன் உயரத்தில், முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை நல்ல நேரம். போலராய்டு கண்ணாடி அவசியம். அடர்நீலம் என்றால் ஆழம். மரகதப் பச்சை கவனமாகப் போகலாம். வெளிர்பச்சை மணல் திட்டு. மஞ்சளும் பழுப்பும் கலந்து தெரிந்தால் பவளம் கைக்கெட்டும் தூரத்தில். கறுப்புத் திட்டு ஒன்று பயமுறுத்தினால் அது நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் மேக நிழல். பிற்பகல் தாமதமாகி, சூரியன் எதிரே கண்ணைக் கூசினால் உள்ளே போகாதீர்கள். வெளியே ஆழ்கடலில் பாயைக் குறைத்து ஓர் இரவு அலைவது களைப்புதான், ஆனாலும் அதுவே சரி.

பவளவட்டத் தீவின் வாய்க்காலில் ஓத அட்டவணை பொய் சொல்கிறதா? காற்றுப்புறப் பாறைக்கு மேலே பெரிய அலை உடைந்து உள்ளே கொட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது ஓதம் ஏறும் நேரத்திலும் வெளியே ஓடும். பசிபிக்கின் துவாமோட்டு தீவுகள் மாதிரியான பவளவட்டங்களில் இது சகஜம். வாய்க்காலின் வெளியே நின்று, நிற்கும் அலைகள் அடங்கும் வரை காத்திருங்கள்.

சுக்கான் பிடி கனக்கிறது, ஆட்டோபைலட் திணறுகிறது

காற்று கூடக்கூட படகு காற்றை நோக்கித் திரும்பத் துடித்தால் ஆட்டோபைலட்டில் கோளாறு இல்லை, பெரிய பாய் அதிகமாக இருக்கிறது. ஒரு மடிப்புச் சுருக்குங்கள். வேகம் குறையாது, பிடி வெண்ணெயாக இளகும்.

காற்று மாறவே இல்லை, ஆனால் ஆட்டோபைலட் திடீரென்று இருபது பாகை தள்ளிப் போகிறது என்றால், கடைசியாகச் சாமான் அடுக்கியது எப்போது என்று யோசியுங்கள். அதன் திசைகாட்டி ஏதோ ஒரு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பக்கத்தில் தகர டப்பாக்களோ ஸ்பீக்கரோ ஸ்பானர் பெட்டியோ வந்திருக்கும். எடுத்துவிட்டால் தீர்ந்தது.

கம்பிவடத்தில் ஒரு இழை துருத்திக்கொண்டிருக்கிறது

பாய்மரத்தைத் தாங்கும் 1×19 கம்பிவடத்தில் 19 இழைகள். கீழ்முனையில், கம்பி உலோகக் குப்பிக்குள் நுழையும் இடத்தில் உப்புநீர் தேங்கி அரிக்கும். வாரம் ஒருமுறை அந்த இடத்தை ஒரு துண்டுப் பஞ்சால் சுற்றித் துடையுங்கள். உடைந்த இழை பஞ்சைப் பற்றிக்கொள்ளும், விரலைவிட நல்லது. ஓர் இழை போனாலே அந்த வடத்தை மாற்றியாக வேண்டும், மற்றவையும் அதே வயதுதான். நடுக்கடலில் என்றால் உடனே படகைத் திருப்பி அந்த வடம் காற்று மறைவுப் பக்கம் வரும்படி செய்யுங்கள், இழுவிசை போய்விடும். பாயைச் சுருக்கி, உதிரிப் பாயேற்றும் கயிற்றையோ டைனீமா என்ற உறுதியான செயற்கை இழைக் கயிற்றையோ அதற்குத் துணையாக இறுக்கிக் கட்டி, அருகில் உள்ள தீவுக்குப் போங்கள்.

விடிகாலையில் ஃபிரிட்ஜ் நிற்கிறது, பேசினால் ரேடியோ மங்குகிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். ஃபிரிட்ஜின் மின்னணுப் பெட்டி வோல்ட் குறைந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ரேடியோ 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும், கம்பியில் அரிப்பு இருந்தால் திரை மங்கும், நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. பாட்டரியிலும் சாதனத்தின் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்ட் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு கம்பியில். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் பகலில் சார்ஜ் போதவில்லை. நண்பகலில் சூரியப் பலகையைப் பாருங்கள். ஒரு கயிற்றின் நிழல் குறுக்கே விழுந்தால்கூட உற்பத்தி வெகுவாகச் சரியும். பலகைக்கு அடியில் காற்றோட்டமும் வேண்டும், சூடேறினால் அதுவும் சோர்ந்துபோகும்.

சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பாயில் நன்றாக ஓடி, இன்ஜினில் மட்டும் வேகம் செத்துப்போனால் புரொப்பெல்லரில் கொட்டலசு ஒட்டியிருக்கிறது, குதித்துச் சுரண்டுங்கள். கழிப்பறைப் பம்பு கனத்தால் உள்ளே சுண்ணப்படிவு, வினிகரை ஊற்றி ஓரிரவு விடுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி திடீரென்று உப்புக் கரித்தால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் அதைக் கழுவினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். குளோரின் அந்தச் சவ்வைத் தின்றுவிடும். கரி வடிகட்டி இல்லாமல் கழுவக் கூடாது.

ஆள் பேச்சைக் குறைத்துவிட்டார்

இதையும் படகின் பழுதுகளோடுதான் சேர்ப்பேன். முதல் இரண்டு மூன்று நாளில் என்றால் கடல் மயக்கம், அநேகமாகத் தானே தெளியும். அதற்குப் பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் ஒருவர் எரிச்சலாகி, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, ஒரு முடிச்சை இரண்டு தரம் தவறாகப் போட்டால் அவர் உடலில் தண்ணீர் இல்லை. சிறுநீரின் நிறத்தைக் கேளுங்கள். கடுந்தேநீர் நிறம் என்றால் நிழலில் உட்கார வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, மடக்கு மடக்காகக் கொடுங்கள். மடமடவென்று கொடுத்தால் வாந்தியில் போய்விடும்.

பாறையில் பிடித்த மீனைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கும், உதட்டைச் சுற்றி மரமரப்பும், குளிர்ந்த தண்ணீர் கையில் பட்டால் சுடுகிற மாதிரி உணர்ச்சியும் வந்தால் அது சிகுவாட்டெரா நஞ்சு. பெரிய சீலா, களவா, அஞ்சாலை இவற்றில் அதிகம். வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது, வாசனையும் ருசியும் காட்டிக்கொடுக்காது. மிச்சத்தைக் கடலில் வீசிவிட்டு, அதே மீனைத் தின்ற எல்லோரையும் கவனியுங்கள். ரேடியோவில் மருத்துவ ஆலோசனை கேளுங்கள். மூச்சோ நாடித்துடிப்போ தளர்ந்தால் போக வேண்டிய தீவு எது என்பதை மாற்றி, டாக்டர் இருக்கும் துறைமுகத்துக்குச் சுக்கானைத் திருப்புங்கள். அன்று இரவுக் காவலில் பாதிக்கப்பட்டவர் பெயரைப் போடாதீர்கள்.